அடிப்படை உறுப்பினரின் வாக்கு எங்கே?

அன்னூர் அருகே கஞ்சப்பள்ளியில் 2025 பிப்ரவரி 9 அன்று, அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்துக்காக அதிமுக பொதுச்செயலாளர் எடப்பாடி பழனிசாமிக்கு விவசாயிகள் கூட்டமைப்பு பாராட்டு விழா எடுத்தது. அக்கட்சியின் அப்போதைய கோபி எம்.எல்.ஏ. செங்கோட்டையன் வரவில்லை. மேடையில் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா படங்கள் இல்லை என்று காரணம் சொன்னார். செப்டம்பர் 5 அன்று, கட்சியிலிருந்து பிரிந்தவர்களை மீண்டும் சேர்க்கப் பழனிசாமிக்குப் பத்து நாள் கெடு வைத்தார். மறுநாளே மாவட்டச் செயலாளர் பதவி பறிபோனது. அக்டோபர் 31-இல் கட்சியை விட்டே நீக்கம். நவம்பரில் தவெகவில் சேர்ந்தார்.

இருவரில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. அதைச் சொல்ல வேண்டியவர்கள் கட்சித் தொண்டர்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதே நம் வருத்தம். 1977-லேயே சட்டமன்றத்துக்குப் போன தலைவருக்கே இந்தக் கதி என்றால், அன்னூரில் கொடி கட்டும் கிளைச் செயலாளர் வாய் திறப்பாரா?

பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும், இந்த விதியை மாற்றவே கூடாது என்று எழுதி வைத்தவர் எம்.ஜி.ஆர். 2017 செப்டம்பரில் பொதுக்குழு அந்தப் பதவியையே எடுத்துவிட்டது. 2022 ஜூலை 11 வானகரம் பொதுக்குழு அதை மீட்டது. கூடவே ஒரு பூட்டும் போட்டது. போட்டியிடுபவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும், தலைமைக் கழகப் பொறுப்பில் ஐந்தாண்டு இருந்திருக்க வேண்டும். தலைமை நினைத்தால் ஒரே நாளில் மாவட்டச் செயலாளர் பதவி போய்விடும் என்பதைச் செங்கோட்டையன் விஷயத்தில் பார்த்தோம். அப்படியிருக்க, எதிர்த்து நிற்பவருக்குக் கையெழுத்துப் போட எந்த மாவட்டச் செயலாளர் துணிவார்?

விளைவு 2023 மார்ச்சில் தெரிந்தது. 17-ஆம் தேதி அறிவிப்பு, 18, 19-இல் மனுத்தாக்கல். களத்தில் பழனிசாமி ஒருவரே. முடிவை அறிவிக்க இருந்த தடை உயர் நீதிமன்றத்தில் நீங்கியதும் 28-ஆம் தேதி அவரே பொதுச்செயலாளர். தொண்டர் கைக்கு வாக்குச்சீட்டு வரவேயில்லை.

திமுகவும் பெருமைப்பட முடியாது. 1969 முதல் 2018-இல் மறையும்வரை கருணாநிதியே தலைவர். 2022-இல் ஸ்டாலின் போட்டியின்றித் தேர்வானார். அதே ஆண்டு காங்கிரஸ் தலைவர் தேர்தலில் கார்கே 7,897 வாக்குகளும் சசி தரூர் 1,072 வாக்குகளும் பெற்றார்கள். தோற்ற தரூரை யாரும் நீக்கவில்லை. மறு ஆண்டே காரியக் கமிட்டியில் இடம் கொடுத்தார்கள். கட்சி ஒன்றும் உடைந்துவிடவில்லை.

உட்கட்சி விவகாரத்தில் வெளியாருக்கு என்ன வேலை என்பார்கள். சின்னமும் வருமான வரிச் சலுகையும் பொதுமக்கள் தருவது. கேட்க நமக்கு உரிமை உண்டு. கட்சியைப் பதிவு செய்யும் தேர்தல் ஆணையத்துக்கு, உட்கட்சித் தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை என்பதற்காகப் பதிவை ரத்து செய்யும் அதிகாரம் இல்லை. 1999-லேயே சட்ட ஆணையம் தன் 170-ஆவது அறிக்கையில் உட்கட்சி ஜனநாயகத்தைச் சட்டமாக்கச் சொன்னது. நாடாளுமன்றம் இன்னும் அதைச் செய்யவில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முன்மொழிவு நிபந்தனையை அதிமுக நீக்கட்டும். எல்லாக் கட்சிகளும் உறுப்பினர் பட்டியலை ஒன்றியவாரியாக வெளியிடட்டும். மனுத்தாக்கலுக்கு ஒரு மாதம் கொடுக்கட்டும். ரகசிய வாக்கெடுப்பு நடத்தட்டும். அன்னூர் ஒன்றியத்தில் எந்தக் கட்சியின் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவரானாலும், அடுத்த செயல்வீரர்கள் கூட்டத்தில் எழுந்து இதைக் கேளுங்கள்.