வேலை தேடியா போனார்கள்?



இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில் பாதை பற்றி நம் வட்டாரத்தில் நடக்கும் கண்காட்சியைப் பாராட்டி உங்கள் இதழில் செய்தி வெளியிட்டிருந்தீர்கள். நானும் போய்ப் பார்த்தேன். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகளுக்குச் சுவர் முழுக்கப் படங்கள், நாட்குறிப்புகள். நம்மவர்களுக்கு மூலையில் ஒரே வரி: 'மலாயாத் தோட்டங்களிலிருந்து வேலை தேடிச் சென்ற தொழிலாளர்களும் இப்பணியில் பங்கேற்றனர்.'

பங்கேற்றார்களாம்! அங்கே தேரா இழுத்தார்கள்? முதலில் நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டினான் ஜப்பான்காரன். அப்புறம் அதுவும் இல்லை. தோட்டத்துக்குள் லாரியைக் கொண்டுவந்து ஆளை ஏற்றினான். 'உங்க தாத்தாவைச் சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போயிட்டான்' என்றுதான் என் பாட்டி சாகும்வரை சொன்னார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. அந்த வரியை எழுதியவர் பட்டம் வாங்கியவராம்.

1942, 43இல் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் மாண்ட போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர். காலரா வந்தபோது கைதிகளைப் பார்க்க அவர்களுடைய ராணுவ டாக்டர்களாவது இருந்தார்கள். நம்மவர்களுக்கு யார் இருந்தார்கள்? தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகளை இன்றும் பராமரிக்கிறார்கள். அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் என் தாத்தாவைப் புதைத்தார்களா, எரித்தார்களா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

கண்காட்சிப் பொறுப்பாளரிடம் கேட்டால், 'ஆவணம் இல்லையே' என்கிறார். பட்டாளத்தில் பெயர்ப்பட்டியல் இருந்தது. தோட்டக் கூலியின் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை. அது செத்தவன் குற்றமா? ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலே எழுதியிருக்கிறார். அதையாவது புரட்டியிருக்கலாம். இந்த ரயில் பாதையைப் பற்றிய ஹாலிவுட் படத்தை மட்டும் பார்த்து வரலாறு எழுதினால் இப்படித்தான் வரும். அந்தப் படத்துக்கு ஏழு ஆஸ்கார் கொடுத்தார்கள். பாதை போட்ட தமிழனைத்தான் அதில் காணோம்.

'பழையதைக் கிளறினால் ஜப்பான் முதலீடு என்னாகும்?' என்றார் பக்கத்தில் நின்ற இன்னொரு அதிகாரி. எலும்பும் தோலுமான வெள்ளைக்காரக் கைதிகளின் படத்தைச் சுவரில் மாட்டியபோது இந்தக் கவலை எங்கே போயிருந்தது?

கண்காட்சி அடுத்த ஊருக்குப் போகுமுன் அந்த வரியை எடுத்துவிட்டு, 'பிடித்துச் செல்லப்பட்டு மாண்டனர்' என்று எழுதட்டும், எண்ணிக்கையையும் போடட்டும். ஓர் அட்டைக்கு நிதி ஒதுக்கீடு இல்லையென்றால் சொல்லட்டும், தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் வசூல் செய்து தருகிறோம்.

ஒரு வாசகி,
சுங்கை சிப்புட்