சுண்ண மணம்

எங்கள் ஓட்டமாவடிக் கடைத்தெருவிலே வாசனைத் தைலம் விற்கும் கடைகளில் இளைஞர் விரும்பி வாங்கும் வகை ஒன்று உண்டு. மூடியைத் திறந்தவுடன் கனிந்த பழம்போல் இனிக்கும். சற்றே பொறுத்தாற் பூ மணக்கும். மாலையாகும்போது குழந்தைக்குப் பூசும் பவுடரின் மென்மையோடு அடங்கும். அதன் குணத்தைச் சொல்லுக என்று மேல்வகுப்பு மாணவரைக் கேட்டால், ‘நல்ல வாசம்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுவதில்லை. பின்பு பெட்டியில் அச்சிட்ட ஆங்கிலத்தை ஒப்புவிக்கின்றனர். தமிழில் இதற்கெல்லாம் சொல் ஏது என்று வினவும் துணிவும் சிலருக்கு உண்டு. அத்துணிவையே ஈண்டு மறுக்க விரும்புகின்றேன்.

பவுடர் மணம் என்கின்றார்களே, நறும்பொடிக்குச் சுண்ணம் என்பது பழம்பெயர். சீவக சிந்தாமணியிலே குணமாலையும் சுரமஞ்சரியும் தத்தம் சுண்ணமே சிறந்ததென வாதிடுகின்றனர். வழக்குச் சீவகனிடம் வருகின்றது. குணமாலையின் சுண்ணமே நன்று என்றான் அவன். சான்றுக்கு இரண்டையும் வானிலே தூவினான். வண்டுகள் குணமாலையின் சுண்ணத்தையே நாடி வந்து மொய்த்தன. மற்றையது மழைக்காலத்தில் இடிக்கப்பட்டமையின் மணம் குன்றிற்று என்று காரணமும் கூறினான். தோற்ற சுரமஞ்சரி ஆடவர் முகமே நோக்கேன் என்று கன்னிமாடம் புகுந்தது வேறு கதை. ஒரு நறுமணத்தை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லும் முறை திருத்தக்கதேவர் நூலிலேயே இருக்க, நம் மாணவர் பெட்டியைப் புரட்டுவது ஏன்?

சீவகன் பருவத்தைக் கருதியது மிகப் பொருத்தம். பழ மணம் தரும் பொருள்களிற் பல எளிதில் ஆவியாவன. சுண்ண மணம் தரும் வனிலின், அயனோன் முதலியவை கனமானவை, மெல்ல எழுவன. முன்னது 1874இலும் பின்னது 1893இலும் ஜெர்மானிய வேதியியலாரால் ஆய்வுகூடத்திலே ஆக்கப்பெற்றன. வாவியோரத்து வெயிலிலே வியர்வையும் சேரும்போது பழம் விரைந்து ஓடிவிடும். எஞ்சிய இனிப்போ போக மறுக்கும். குளிரூட்டிய கடையில் ஒருமுறை முகர்ந்து வாங்குதல் பாயிரத்தை மட்டும் படித்து நூலை மதிப்பிடுதல் போலாம். மணிக்கட்டிலே தடவிக்கொண்டு, வெயிலில் நடந்து, பிற்பகலிலே முகர்ந்து பார்த்தபின் அன்றோ விலை பேச வேண்டும்!

அத்தரின் இயல்பு வேறு. பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி வடிப்பது வடநாட்டுக் கன்னோசியின் தொன்முறை. சாராயம் கலவாமையின் ஜும்ஆ நாளிலே பள்ளிவாசல் செல்வோர் அதனை விரும்புவர். அது எடுத்தவுடன் ஆரவாரம் செய்யாது. உடலோடு ஒட்டி நிற்கும். என் விருப்பம் அதன்பாற்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். தொலைவிற் பரந்து வீசுவது கமழ்தல். மணத்தல் என்பதற்குக் கூடுதல், கலத்தல் என்னும் பொருள்களும் உண்டு. ஆகவே பூசியவன் மேனியோடு ஒன்றிய நிலையை மணத்தல் என்க. பூர்வ வாசனை என்று வழங்குகின்றோம். போனபின்னும் தங்கி நிற்பதற்கு வாசனை எத்துணைப் பொருத்தமான சொல்! நாற்றமோ பாவம், உயர்ந்த குலத்திற் பிறந்து தாழ்ந்த சொல். வள்ளுவர் ஐம்புலனை எண்ணுமிடத்து வைத்த அச்சொல்லைக் கேட்டு வகுப்பிலே சிரிப்பொலி எழுகின்றது. அதனை மீட்டல் எளிதன்று, பொருளையேனும் கற்பிக்கலாம்.

பழமும் பூவும் கூடிய மணம் நமக்குப் புதிதும் அன்று. மனோரஞ்சிதப் பூவிலே பழவாசம் வீசும். நினைத்த பழத்தின் மணம் தரும் என்று சொல்வாரும் உளர். தாழம்பூவை மடல் விரித்தால் இனிமையோடு தாதும் கையில் உதிரும். மகிழம்பூவோ உலர்ந்தபின்னும் மணம் விடாது. புட்டியில் அடைத்து விற்கும் மூன்று குணங்களும் இம்மூன்று பூக்களிலே தனித்தனியே கிடக்கின்றன.

வரும் தவணையில் மேல்வகுப்பினருக்கு ‘நான் பூசும் மணம்’ என்று ஒரு கட்டுரை கொடுக்க எண்ணியுள்ளேன். காலையில் ஒரு பத்தி, நண்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று. ‘நல்ல’ என்னும் அடைமொழி எங்கும் வரலாகாது.