அமைதியா, அச்சமா?

தேர்தல் வந்துவிட்டால் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் நண்பனுக்குத் தூக்கமில்லை. எந்தக் கட்சிக்கு எழுதினாலும் 'அமைதிப் பூங்கா' என்ற சொல் அதில் இருந்தாக வேண்டும். எந்த அமைதி?

மேலவளவு ஊராட்சி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராக வென்ற முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து, உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலோ அரிவாளுக்கே வேலையில்லை. வேட்புமனு போட ஆளில்லை. போட்டு வென்றவரும் பதவி விலகினார். 2006 வரை இதுவே நிலை. கலவரம் இல்லாததால் அதற்கும் அமைதி என்றே பெயர்.

காசாவுக்காகப் பேரணி போகும் தோழர்கள், நீதியில்லாத போர்நிறுத்தம் அமைதியாகாது என்கிறார்கள். சரியான பேச்சு. அதே அளவுகோலை ஊருக்கும் சேரிக்கும் நடுவிலும் வைப்போம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேட்போம்: உங்கள் தொகுதியில் தலித் ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்காருகிறாரா? சுதந்திர தினத்தன்று கொடியேற்றுகிறாரா?

பதில் இல்லையென்றால், அவர்கள் விளம்பரம் செய்வது அமைதியை அல்ல, நம் அச்சத்தை.