பழைய ஜல்லி பழி சுமக்கலாமா?

என் தந்தையார் கொத்தனார். ஒருமுறை, இடித்த கான்கிரீட்டை உடைத்தெடுத்த ஜல்லியால் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டார். தளம் வெடிப்பு விட்டது, கூலியும் போயிற்று. அன்று முதல் “பழைய ஜல்லி ஆகாது” என்பார். வேதியியல் மாணவனாகிய நான் அதை மறுக்கத் துணிகிறேன்.

குற்றம் கல்லில் இல்லை. அதில் ஒட்டியிருக்கும் பழைய சாந்தில் உள்ளது. கருங்கல் ஜல்லி நூற்றுக்கு ஒரு பங்கு அளவே நீர் குடிக்கும். பழைய ஜல்லியோ ஐந்து பங்கும், அதற்கு மேலும் குடிக்கும். கலவை இறுகுகிறதே என்று மேலும் நீர் ஊற்றுகிறோம், வலிமை குன்றுகிறது.

பரிகாரம் எளிது. மண்ணும் செங்கல் தூளும் போகச் சலிக்க வேண்டும். முன்னதாகவே நனைத்து, நீரை வடியவிட வேண்டும். ஜல்லி, மணலோடு பாதி நீரைக் கலந்து, பின் சிமெண்ட் இட்டு, மீதி நீரைக் கடைசியில் விட்டால், சிமெண்ட் பசை பழைய சாந்தின் விரிசல்களை அடைக்கும்.

அளவும் வேண்டும். இந்தியத் தர விதி ஐ.எஸ். 383 (2016), கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 விழுக்காடும், கம்பி கட்டியதில் எம் 25 தரம் வரை 20 விழுக்காடுமே அனுமதிக்கிறது.

இடிபாடுகளை ஏரியில் கொட்டிவிட்டு, ஜல்லிக்காக மலையைத் தகர்ப்பது அறிவுடைமையா?

தந்தையாரிடம் இவற்றைச் சொன்னேன். “நனைத்துப் போடு என்று அன்று சொல்ல ஆளில்லையேப்பா” என்றார். நண்பர்களே, கற்றவர் வாய் திறவாதது யார் குற்றம்? ஆய்வகத்தில் அறிந்ததைச் சாரத்தின் மேல் நிற்பவரிடம் கொண்டு சேர்ப்போம்!