பிள்ளைக்கும் சேர்த்துத்தான் லீவு

மே மாதம் பிறந்துவிட்டால் நம் சூலக்கரை நாலுவழிச்சாலை ஓரத்தில் விடிவதற்கு முன்பே வேன்கள் வந்து நின்றுவிடும். பாதித் தூக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டி, சடையை இறுக்கிப் பின்னி, இரண்டு இட்லியை வாயில் திணித்து ஏற்றுகிறோம். காலையில் திருச்செந்தூர், மதியம் நெல்லையப்பர், சாயங்காலம் கழுகுமலை, திரும்பும்போது இருக்கன்குடி. ராத்திரி வீட்டு வாசலில் இறங்கும்போது, "இந்தப் புள்ளைகளை வச்சுக்கிட்டு இனிமே எங்கேயும் போகக் கூடாது" என்று ஒரு பேச்சு.

இப்படிப் பேச நமக்கு என்ன நியாயம் இருக்கிறது? எங்கே போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே சாப்பிடுவது என்று எதையாவது பிள்ளையிடம் கேட்டோமா? வேன் வாடகைக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்று நாலு ஊரைச் சேர்த்தது நாம். அந்த நாலு ஊரின் அலுப்பையும் சுமப்பது மட்டும் நாலு வயசுப் பிள்ளை.

திருச்செந்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது முருகன் சந்நிதி. நம் பொட்டல்காட்டில் பிறந்த பிள்ளைக்கு அது முதலில் கடல். இத்தனை தண்ணீரை அது வேறெங்கே பார்த்திருக்கும்? காலை நனைத்த அலை பின்வாங்கும்போது பாதத்துக்கு அடியில் மணல் கரைகிறது. பிள்ளை பயந்து சிரிக்கிறது, மறுபடியும் ஓடுகிறது. சரியாக அந்த நேரத்தில்தான் "துணி நனையுது, லேட்டாச்சு, வா" என்று கையைப் பிடித்து இழுக்கிறோம். அங்கேயே மதியம் வரை இருந்தால் என்ன? நெல்லையப்பர் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த மாதம் போனாலும் அங்கேதான் இருப்பார்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனசு ஆறாதது தண்ணீர் விஷயம். "தண்ணி குடிக்காதே, அப்புறம் வழியில ஒண்ணுக்கு வருதும்பே." அதிலும் பெண்பிள்ளைகளிடம்தான் இதை அதிகம் சொல்கிறோம். விருதுநகர் வெயிலில், மே மாதத்தில், அனல் அடிக்கிற வேனுக்குள் ஒரு குழந்தையைத் தாகத்தோடு உட்கார வைப்பது என்ன வளர்ப்பு? தாகம் அடக்கிய பிள்ளைக்குத் தலை வலிக்கும், சிடுசிடுக்கும், அழும். அழுதால் அடியும் விழும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை இருக்கிறது. கேட்டால் சாவி தருவார்கள். வண்டி ஓட்டுகிற தம்பி முகம் சுளித்தால் சுளிக்கட்டும், வாடகை கொடுப்பது நாம். பையில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் இருக்கட்டும்.

அடுத்தது வாந்தி. புளியோதரையைக் கட்டி ஊட்டிவிட்டு, கையில் செல்போனையும் கொடுத்து, பின் சீட்டில் உட்கார வைத்தால் வேறு என்ன நடக்கும்? ஓடுகிற வண்டியின் ஆட்டம் உள்காதுக்குத் தெரிகிறது. கண்ணோ அசையாத திரையைப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல் வருகிறது. இரண்டு வயசிலிருந்து பன்னிரண்டு வயசு வரை இந்தத் தொந்தரவு அதிகம். போனை வாங்கி வையுங்கள். முன்பக்கமாக உட்கார வைத்து, சன்னலைத் திறந்து, தூரத்தில் தெரிகிற மரத்தையும் மலையையும் காட்டுங்கள். வயிறு நிறையக் கொடுக்காமல் கொஞ்சம் பொரி, ஒரு வாழைப்பழம், ஒரு டப்பா தயிர்சாதம் என்று விட்டு விட்டுக் கொடுங்கள். எண்ணெய்ப் புரோட்டாவைத் திரும்பி வந்து இறங்கியபிறகு வாங்கிக் கொடுத்தால் போதும்.

வேன்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். நம் விருதுநகர் ஜங்ஷனில் ஏறினால் திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குப் போகிற ரயில் இருக்கிறது. வலது பக்கத்துச் சன்னலைப் பிடித்துவிடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கும்போதே மேற்குத் தொடர்ச்சி மலை கிட்டத்தில் வந்துவிடும். ஆண்டாள் கோயில் கோபுரத்தையும் தேடச் சொல்லலாம். நடக்க இடம் உண்டு, கழிப்பறை உண்டு. ரயிலில் 5 வயசுக்குள் டிக்கெட் இல்லை. 12 வயசுக்குள் இருந்தால் முன்பதிவில்லாப் பெட்டியில் அரை டிக்கெட். நம் அரசு பஸ்ஸிலும் 5 வயசு வரை இலவசம்தான். பல பிள்ளைகளுக்கு அந்த ரயில் ஒன்றே போதும். இறங்கி ஒரு பூங்காவில் உட்கார்ந்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினாலும் ஒரு வாரம் அதையே பேசுவார்கள்.

குற்றாலம் என்றால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. கீழே வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்திருக்கலாம். குளிக்கத் தடை என்று போலீஸ் சொன்னால் "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று அவர்களிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். இந்தக் கவனம் மே மாதத்தோடு முடிவதில்லை. நம் பக்கத்தில் பட்டாசு ஆலைகள் தீபாவளி முடிந்துதான் லீவு விடுகின்றன. ஆலை வேலைக்குப் போகிற பெற்றோருக்குப் பிள்ளைகளோடு சேர்ந்தாற்போல் கிடைக்கிற நாட்கள் அவைதான். ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது அருவிக்குப் போகாமல் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. மழை கொட்டினாலும் பிள்ளையின் நாள் வீணாகாது.

இருக்கன்குடிக்கு பைக்கில் போகிற குடும்பங்களுக்குத்தான் கோபமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டேங்க் மேல் ஒன்று, இருவருக்கும் நடுவில் ஒன்று, அதுவும் தூங்கி விழுந்துகொண்டு, பக்கத்தில் லாரி. 4 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையை பைக்கில் ஏற்றினால் ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டுகிற பட்டை வேண்டும், 9 மாதம் தாண்டியிருந்தால் ஹெல்மெட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரியிலிருந்து இது சட்டம். ஆத்தா நேர்த்திக்கடனைத்தான் கேட்டாள். பிள்ளையை இப்படிக் கொண்டுவரச் சொல்லவில்லை. சாத்தூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், அவ்வளவுதான்.

செலவு, லீவு, மாமியார் வேண்டுதல், கொழுந்தனார் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் எல்லாம் தெரியும். அதனால்தான் வெளிநாடு போகச் சொல்லவில்லை, கொடைக்கானல் கூடச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று வையுங்கள். மதியம் பிள்ளை தூங்குகிற நேரத்தைத் தூக்கத்துக்கே விடுங்கள். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புங்கள். அடுத்த முறை வேனுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "எங்கே போகலாம், அங்கே போய் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அது சொல்கிற பதிலுக்கு அந்த நாளில் பாதியையாவது கொடுங்கள்.