வத்தபுளுவையில் கேட்டாங்க, லயத்தில் யாரும் கேட்கல

மினட் டி சில்வா பெயரைச் சொன்னால் இப்போது கொழும்பில் கண்காட்சி, கலந்துரையாடல், விலை பார்க்கப் பயமான பெரிய புத்தகம் எல்லாம் உண்டு. நல்லதுதான். 1998இல் கண்டியில் ஏறக்குறைய மறக்கப்பட்ட நிலையில் செத்துப்போன ஒரு கட்டடக்கலைஞரை இப்பவாவது பேசுகிறார்களே. ஆனால் பேசுவது எதை? பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண், 1948. லு கொர்பூசியேயின் தோழி. சேலையோடு ஐரோப்பிய மாநாட்டுப் படத்தில் நிற்பவர். அத்தோடு கதை முடிந்துவிடுகிறது.

மலையகத்துப் பிள்ளைகளான எங்களுக்கு அவருடைய தொழில் வாழ்க்கையில் முக்கியமான இடம் வேற. அது வத்தபுளுவ. பேராதனையிலிருந்து தூரமில்லை. 1950களில் அங்கே அரசாங்க உத்தியோகத்தர்களுக்காகச் சுமார் 250 வீடுகள் கொண்ட திட்டம் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஒரு பிளானை வரைந்து 250 தடவை அச்சடித்திருக்கலாம், யாரும் கேள்வி கேட்டிருக்கப் போவதில்லை. அவர் செய்தது, குடிவரப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தது. எத்தனை பேர் இருக்கிறீங்க, எப்படிச் சமைக்கிறீங்க, சாமி கும்பிட இடம் வேணுமா, எவ்வளவு காசு இருக்கு. வந்த பதில்களிலிருந்து சில மாதிரிகளை உருவாக்கி, அதையும் குடும்பத்துக்கு ஏற்ப மாற்றி, மலைச்சரிவை வெட்டித் தள்ளாமல் சரிவோடு சேர்த்து வீடுகளை வைத்தார். சிங்களவர், தமிழர், முஸ்லிம், பறங்கியர் என்று எல்லாரும் அங்கே குடிவந்தார்கள்.

இனி நம்ம பக்கம் வருவோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணினோம். அந்தத் தேயிலையைப் பறிக்கப் போனவர்கள் இரவில் எங்கே படுத்தார்கள் என்று எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பிரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. இரட்டை லயம் என்றால் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை, பின்பக்கம் ஜன்னலுக்கு இடமே இல்லை. அடுப்புப் புகை எங்கே போகும்? பிள்ளையின் நெஞ்சுக்குத்தான்.

டிசைன் இல்லாததால்தான் லயம் இப்படி இருக்கு என்று ஒரு பேச்சு உண்டு. பச்சைப் பொய். லயம் துல்லியமாக டிசைன் பண்ணிய சாமான். பிரட்டுக்கு ஆள் வேகமாக வரணும், கங்காணியின் கண்ணுக்குள் எல்லாக் கதவும் இருக்கணும், குறைந்த சுவரில் கூடுதல் ஆள் அடையணும். இந்த மூன்று கேள்விக்கும் அது சரியான விடை. கேள்வியைப் போட்டது துரை. அதுதான் வித்தியாசம்.

டிசைன் தெரிந்தவர்கள் தோட்டப் பக்கமே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. ஜெஃப்ரி பாவா அப்கொட் ஸ்ட்ரத்ஸ்பே தோட்டத்துக்கு வந்தார். வந்து கட்டியது துரை பங்களா.

மினட்டையும் நாங்கள் சும்மா விட மாட்டோம். அவருடைய கண்டி வீடுகளில் தும்பறைப் பாய் நெசவு இருக்கு, அரக்கு வேலை இருக்கு, சுட்ட மண் ஓட்டில் நடன உருவங்கள் இருக்கு. மலைநாட்டுக் கைவினையாளர்கள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள், கொழுந்து பறிக்கிறவள் மட்டும் வரவில்லை. இத்தனைக்கும் அவருடைய அம்மா ஆக்னஸ் டி சில்வா, டொனமூர் ஆணைக்குழு முன்னால் தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேணுமா என்று கேட்டபோது, அவங்களும் பெண்கள்தானே, வேணும் என்று சொன்னவர். மகள் அந்த லண்டன் பட்டத்தை வாங்கிய அதே 1948இல்தான் பிரஜாவுரிமைச் சட்டம் நம்ம பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. நாடே இல்லாதவளிடம் போய் அடுப்பை எங்கே வைக்கட்டும் என்று யார் கேட்பார்?

சரி, அது அந்தக் காலம். இப்ப என்ன? இந்திய உதவியில் 4,000 வீடுகள் வந்தன. 2017 மே மாதம் மோடி நோர்வூட்டுக்கு வந்து இன்னும் 10,000 என்றார். ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி, இரண்டு அறை. லயத்தை விட நூறு மடங்கு மேல், மறுக்கவே இல்லை. வீடு கிடைத்த குடும்பத்தின் சந்தோசத்தை நாங்கள் கொச்சைப்படுத்தவும் இல்லை. மக்கள் பங்குபற்றினார்கள் என்று அறிக்கைகளில் எழுதுவார்கள். கல் சுமந்தாலும் பங்குபற்றல்தான். பிளானில் ஒரு சுவரை அந்த அம்மாவால் நகர்த்த முடிந்ததா என்பதுதான் எங்கள் கேள்வி.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாங்க. விறகு நனையாமல் வைக்க இடம் வேணும், ஏனென்றால் கேஸ் விலைக்கு விறகுதான். ஆறு மாசம் மூடுபனி, கம்பளி காயாது, அடுப்புச் சூடு படுகிற மாதிரி ஒரு கொடி வேணும். பீலியிலிருந்து தண்ணி தூக்கி வருகிறவளுக்கு எத்தனை படி? கல்யாணம் முடித்த மகன் எங்கே அறை இறக்குவான்? ஏலெவல் படிக்கிற பிள்ளைக்குக் கதவு சாத்துகிற மூலை இருக்கா? எந்தப் பக்கத்து மண் மழைக்கு இளகும் என்பதும் அவங்களுக்குத் தெரியும். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்துவிட்டு மலையில் யாரும் வீடு வரையக் கூடாது.

ஆயிரக்கணக்கான வீடு, ஒவ்வொருத்தரையும் கேட்டால் முடியுமா என்று அமைச்சுக்காரர்களும் நம்ம தலைவர்மாரும் சொல்வாங்க. அடிக்கல் நாட்ட நேரம் இருக்கிறவர்களுக்குக் கேட்க நேரம் இல்லையாம். மினட் 250 வீட்டுக்கு 250 பிளான் போடவில்லை. கேட்டார், சில மாதிரிகளாக வகுத்தார், தெரிவு செய்ய விட்டார். எண்ணிக்கை கூடினால் அந்த முறைதான் கூடுதலாகத் தேவை. கணினியும் கைப்பேசியும் இல்லாத காலத்தில் கண்டியில் ஒரு பெண் செய்ததை, ஒவ்வொரு தோட்டத்திலும் பட்டதாரிப் பிள்ளைகள் வேலையில்லாமல் இருக்கிற இந்தக் காலத்தில் செய்ய முடியாதா?

அடுத்த கட்டத்துக்குப் பிளான் வரைய முதல் தமிழில் ஒரு கேள்வித்தாள் வரட்டும். வாசிக்கத் தெரியாத பாட்டிக்கு வாசித்துக் காட்ட நாங்கள் லயத்துக்கு லயம் வருகிறோம், சம்பளம் வேண்டாம். பதிலை நிரப்பும்போது குடும்பத் தலைவர் என்று ஐயாவை மட்டும் கூப்பிடாமல், அடுப்படியில் நிற்கிறவளிடமும் ஒரு தாளைக் கொடுங்க.