தூங்கிக்கொண்டிருந்த குறை
குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை மருத்துவம் வென்ற கதையும், வென்றபின் சிலருக்கு இரண்டாவதாக வேறொரு புற்று முளைக்கும் கதையும் நாம் அறிந்ததுதான். எனக்கு விடாமல் உறுத்துவது, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து செயின்ட் ஜூட் மருத்துவமனை 1999இல் லான்செட் இதழில் வெளியிட்ட சின்னக் கணக்கு ஒன்று. கடுமையான மருந்துகளோடு தலைக்குக் கதிர்வீச்சும் பெற்ற 52 குழந்தைகளில் 6 பேருக்கு மூளையில் கட்டி; கதிர்வீச்சு பெறாத 101 பேரில் ஒருவருக்கும் இல்லை. சரி, பழி கதிர்வீச்சின் மேல் என்று பக்கத்தைப் புரட்டினால், அந்த 52 பேருக்குள்ளேயே இன்னொரு பிரிவினை. மெர்காப்டோப்யூரின் மருந்தைச் செயலிழக்கச் செய்யும் டிபிஎம்டி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு எட்டு ஆண்டுகளில் ஆபத்து சுமார் 43 சதவீதம். மற்றவர்களுக்கு 8 தான். சின்னக் கூட்டம், எண்கள் ஆட்டம் காணும்தான். ஆனாலும் பாருங்கள், அந்த நொதியின் மரபணு புற்றுநோய் மரபணு அல்ல. அந்த நொதிக்கு உடலில் வேறென்ன வேலை என்பதே இன்றுவரை புதிர். மெர்காப்டோப்யூரின் மாத்திரை உள்ளே போகாதிருந்தால் அந்தக் குறை, பேரன் பேத்தி எடுக்கும்வரை யாரையும் தொந்தரவு செய்யாமல் தூங்கியிருக்கும். ஜெர்ட்ரூட் எலியன் உருவாக்கி 1953இல் புழக்கத்துக்கு வந்த, எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்க வைத்த மாத்திரை அது. இப்போது அந்த மரபணுவைப் பார்த்துவிட்டு, குறை இருந்தால் மாத்திரையின் அளவைக் குறைக்கிறார்கள். தலைக்குக் கதிர்வீச்சையும் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். அந்த ஆறு குழந்தைகளின் பெற்றோர், தாங்கள் கொடுத்ததில் எந்தப் பாதி மருந்து, எந்தப் பாதி நோய் என்று எப்படிப் பிரித்திருப்பார்கள்?